அட்டைப் பணமும் பொதுப் பேரேடும்: புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு

உயர்தரத்தில் கணக்கீடு படித்து, வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ வர்த்தகப் பட்டம் முடித்து, வங்கியொன்றின் கார்ட் பிரிவிலோ பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் கணக்கறையிலோ வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இரட்டைப் பதிவு உங்களுக்குத் தெரியும். பரீட்சை மீதி எடுப்பீர்கள். ஆனாலும் முதல் வாரத்தில் யாராவது ஒரு தீர்ப்பனவு அறிக்கையைக் கையில் தந்து, "இதைப் பேரேட்டோடு இணக்கிக் கொண்டு வாங்க" என்றால் எங்கே தொடங்குவது என்று விளங்காது.

காரணம் இதுதான். பாடசாலையில் விற்பனை இரண்டு வகை: காசுக்கு, கடனுக்கு. அட்டை விற்பனை இரண்டிலும் சேராது. பொருள் போய்விட்டது. வாங்கியவர் கடைக்குக் கடன்பட்டவர் இல்லை. பணமும் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் நிற்கும் பணத்துக்குப் பேரேட்டில் ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைச் சரியாக அமைப்பதும், அங்கே நிற்கும் ஒவ்வொரு ரூபாவும் ஏன் நிற்கிறது என்று சொல்லத் தெரிவதும்தான் இந்த வேலை.

கீழே வரும் பதிவுகளில் நம் பாடப்புத்தக முறைப்படி இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. இந்தியத் தமிழ்ப் புத்தகங்களில் இது பற்று, வரவு என்று இருக்கும். இணையத்தில் பார்த்துப் படிப்பவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

காத்தான்குடியில் ஒரு புடவைக்கடை. வாடிக்கையாளர் 10,000 ரூபாவுக்கு உடுப்பு எடுத்துக் கடனட்டையை நீட்டுகிறார். இதில் நான்கு பேர் இருக்கிறார்கள்: அட்டைக்காரர், கடைக்காரர், அட்டை வழங்கிய வங்கி, கடைக்குக் கார்ட் மெஷின் கொடுத்த வங்கி. கடைசி ஆளைக் கடையின் வங்கி என்று சொல்லிக்கொள்வோம். இரண்டு வங்கிகளுக்கும் நடுவே வலையமைப்பு நிற்கிறது: விசா, மாஸ்டர்கார்ட், உள்நாட்டில் லங்காபே. வங்கிகளுக்கிடையிலான ரூபாத் தீர்ப்பனவு மத்திய வங்கியின் ஆர்டிஜிஎஸ் முறைமையில், அதாவது வங்கிகளின் கொடுப்பனவுகளை உடனுக்குடன் தீர்க்கும் முறைமையில், முடிகிறது. அது 2003 முதல் இயங்குகிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலே 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் இருக்கிறது.

ஒரு பரிமாற்றத்தைக் கையில் எடுத்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதில் நாங்கள் யார்?" என்பது. ஒரே வங்கி காலையில் கடையின் வங்கியாகவும் மாலையில் அட்டை வழங்கிய வங்கியாகவும் இருக்கும். சில பரிமாற்றங்களில் இரண்டும் அதே வங்கிதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எப்போது பதிவு விழும், எப்போது விழாது

அட்டைப் பரிமாற்றம் மூன்று கட்டமாக நடக்கிறது. அனுமதி, கணக்குப் பரிமாற்றம், தீர்ப்பனவு.

அனுமதி என்பது சில விநாடிகளில் முடிவது. மெஷின் கேட்கிறது, அட்டை வழங்கிய வங்கி சரி என்கிறது, ஆறு எழுத்தில் ஓர் அனுமதிக் குறி வருகிறது. இந்தக் கட்டத்தில் பணம் நகரவில்லை. கடனட்டையின் பயன்படுத்தக்கூடிய எல்லையில் 10,000 பிடித்துவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். அது துணை முறைமையில் ஒரு குறிப்பு. பேரேட்டில் பதிவு இல்லை. ஹோட்டலில் வேலை செய்பவர்கள் இதை நன்றாக மனதில் வையுங்கள். விருந்தினர் வந்து இறங்கும்போது முன்பணமாகப் பிடித்துவைக்கும் 50,000 உங்கள் வருமானமும் இல்லை, உங்களுக்கு வர வேண்டிய பணமும் இல்லை. அவர் அறையைக் காலி செய்து இறுதித் தொகையை மெஷினில் உறுதி செய்யும்போதுதான் கணக்கு தொடங்குகிறது.

கணக்குப் பரிமாற்றம் என்பது, கடை இரவில் மெஷினில் செட்டில்மென்ட் அழுத்தி அன்றைய பேட்ச்சை, அதாவது அன்றைய பரிமாற்றங்களின் தொகுதியை, மூடிய பிறகு, கடையின் வங்கி அந்தப் பரிமாற்றங்களைக் கோப்பாக வலையமைப்புக்கு அனுப்புவது. இங்கேதான் உரிமையும் கடப்பாடும் பிறக்கின்றன. பதிவு இங்கே விழும்.

தீர்ப்பனவு என்பது வங்கிகளுக்கிடையில் பணம் உண்மையாகக் கைமாறுவது. அதற்கு இன்னொரு பதிவு.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஏடிஎம்மிலும், வங்கிக் கணக்கிலிருந்து நேரே கழிக்கும் பல டெபிட் அட்டைப் பரிமாற்றங்களிலும், அனுமதியும் கணக்குப் பதிவும் ஒரே செய்தியிலேயே நடந்துவிடும். மெஷின்களும் வங்கிகளும் தமக்குள் பேசிக்கொள்ளும் ஐஎஸ்ஓ 8583 செய்தி முறையில் 0100 என்றால் அனுமதி மட்டும். 0200 என்றால் நிதிப் பரிமாற்றம். 0200க்குச் சரி என்று பதில் சொன்ன அந்த விநாடியே வாடிக்கையாளரின் சேமிப்புக் கணக்கு குறைந்துவிடும். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தானாக விளங்கும்.

கணக்குகளைத் திறக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம்

புதிதாகக் கணக்குத் திட்டம் அமைப்பவர்கள் பெரும்பாலும் "கார்ட் இடைநிலைக் கணக்கு" என்று ஒன்றைத் திறந்து எல்லாவற்றையும் அதற்குள் போடுவார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். என் கருத்தில், இந்தத் துறையில் வரும் தலைவலிகளில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

ஓர் இடைநிலைக் கணக்கில் ஒரே எதிர்த்தரப்பு, ஒரே திசை, ஒரே நாணயம். இதுதான் விதி. விசாவிடமிருந்து வர வேண்டியது ஒரு கணக்கு, விசாவுக்குக் கொடுக்க வேண்டியது இன்னொன்று. மாஸ்டர்கார்டுக்கும் லங்காபேக்கும் அதேபோல் தனித்தனி. டொலரில் தீர்வது ரூபாவில் தீர்வதோடு சேராது. கடைகளுக்குக் கொடுக்க வேண்டியது ஒரு கட்டுப்பாட்டுக் கணக்கு. அதன் கீழே ஒவ்வொரு கடைக்கும் துணைப் பேரேட்டில் ஒரு கணக்கு. அப்படிப் பிரித்திருந்தால், மீதி சரியில்லாத நாளில் எந்தக் கதவைத் தட்டுவது என்று உடனே தெரியும்.

மறக்காமல் திறக்க வேண்டிய வேறு கணக்குகள்: கடைகளிடம் வாங்கும் கட்டண வருமானம், இன்டர்சேஞ்ச் (கடையின் வங்கி அட்டை வழங்கிய வங்கிக்குக் கொடுக்கும் பங்கு) செலவினம், இன்டர்சேஞ்ச் வருமானம், வலையமைப்புக் கட்டணம், சார்ஜ்பேக் (அட்டைக்காரர் முறையிட்டுத் திரும்ப எடுக்கப்படும் பணம்) கணக்கு, கடைகளிடமிருந்து பிடித்துவைத்த காப்புத்தொகை, நாணயமாற்று வேறுபாடு, கடைசியாக, விளங்காத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் தொங்கல் கணக்கு. தொங்கல் கணக்கை இறுதியில் சொல்வதற்குக் காரணம், அதை யாரும் ஆசையாகப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான்.

அந்த 10,000 ரூபாவைப் பின்தொடர்வோம்

விளங்குவதற்காக வீதங்களை நானே எடுத்துக்கொள்கிறேன். கடையிடம் வாங்கும் கட்டணம் 2.5 வீதம், அதாவது 250. அதில் அட்டை வழங்கிய வங்கிக்குப் போகும் இன்டர்சேஞ்ச் 150. வலையமைப்புக் கட்டணம் 20. உங்கள் ஒப்பந்தங்களில் வேறு எண்கள் இருக்கும். பதிவின் வடிவம் மாறாது.

கடையின் புத்தகத்தில், விற்ற அன்று: அட்டை வரவேண்டியது கணக்கு வரவு 10,000, விற்பனை செலவு 10,000. கடை வற் வரிக்குப் பதிவு செய்திருந்தால், 2024 ஜனவரி முதல் இருக்கும் 18 வீதப்படி அந்த 10,000க்குள் வரி 1,525.42, விற்பனை 8,474.58. பணம் வங்கிக்கு வந்த அன்று: வங்கி வரவு 9,750, அட்டைக் கட்டணச் செலவினம் வரவு 250, அட்டை வரவேண்டியது செலவு 10,000.

நம் பக்கத்துக் கடைகள் பலவற்றில், வங்கிக்கு வந்த 9,750ஐ அப்படியே விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். அதில் விற்பனையும் குறைகிறது, வரிக்கணக்கும் பிழைக்கிறது, வங்கி எவ்வளவு கட்டணம் எடுக்கிறது என்பதும் கண்ணில் படாமல் போகிறது. கட்டண வீதம் ஒப்பந்தத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று ஒரு கடைக்காரருக்குத் தெரிய வேண்டுமென்றால், முழுத்தொகையை எழுதினால்தான் முடியும். இன்னொன்று: இந்தக் கட்டணம் கடையின் செலவினம். அட்டை நீட்டினால் மூன்று வீதம் கூட என்று வாடிக்கையாளரிடம் கேட்பதை வணிகர் ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. அப்படிக் கேட்டு வாங்கிய காசுக்குப் புத்தகத்தில் நேர்மையான இடமும் கிடையாது.

அடுத்து, கடையின் வங்கியில். இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாசியுங்கள்.

பேட்ச் வந்து சேர்ந்ததும்: வலையமைப்பிடமிருந்து வரவேண்டியது வரவு 10,000, கடைக்குக் கொடுக்கவேண்டியது செலவு 10,000.

கட்டணம் கழிக்க: கடைக்குக் கொடுக்கவேண்டியது வரவு 250; கட்டண வருமானம் செலவு 250.

இன்டர்சேஞ்ச்: இன்டர்சேஞ்ச் செலவினம் வரவு 150, வலையமைப்பிடமிருந்து வரவேண்டியது செலவு 150.

வலையமைப்புக் கட்டணம் பெரும்பாலும் பிறகு தனி விலைச்சிட்டையாக வரும் என்பதால் அட்டுறுவாக: வலையமைப்புக் கட்டணச் செலவினம் வரவு 20, அட்டுறு செலவினம் செலவு 20.

வலையமைப்பு தீர்த்ததும்: தீர்ப்பனவு வங்கிக் கணக்கு வரவு 9,850; வலையமைப்பிடமிருந்து வரவேண்டியது செலவு 9,850.

கடைக்குக் கொடுத்ததும்: கடைக்குக் கொடுக்கவேண்டியது வரவு 9,750; தீர்ப்பனவு வங்கிக் கணக்கு செலவு 9,750.

இப்போது மீதிகளைப் பாருங்கள். இரண்டு இடைநிலைக் கணக்குகளும் பூச்சியம். வங்கியில் 100 கூடியிருக்கிறது, அட்டுறு பொறுப்பு 20, இலாபம் 80. சமன்பாடு சரி.

அட்டை வழங்கிய வங்கியில் இது கண்ணாடிப் பிம்பமாக நடக்கும். அட்டைக்காரரிடமிருந்து வரவேண்டியது வரவு 10,000; வலையமைப்புக்குக் கொடுக்கவேண்டியது செலவு 10,000. பிறகு வலையமைப்புக்குக் கொடுக்கவேண்டியது வரவு 150. இன்டர்சேஞ்ச் வருமானம் செலவு 150. தீர்க்கும்போது வலையமைப்புக்குக் கொடுக்கவேண்டியது வரவு 9,850; தீர்ப்பனவு வங்கி செலவு 9,850. டெபிட் அட்டை என்றால் முதல் வரியில் அட்டைக்காரரின் சேமிப்புக் கணக்கு வரவாகும். அது வங்கிக்குப் பொறுப்பு என்பதால் அங்கே குறைகிறது.

இரண்டு வங்கியும் ஒன்றே என்றால்? அப்போது பொதுவாக வலையமைப்புக்குப் போகாமல் உள்ளேயே தீரும். அட்டைக்காரர் கணக்கு வரவு, கடைக்குக் கொடுக்கவேண்டியது செலவு. இன்டர்சேஞ்ச் பரிமாற்றமும் இல்லை. முறைமையில் வழிப்படுத்தும் விதி பிழையாக இருந்து, இப்படிப்பட்ட பரிமாற்றம் ஒன்று வலையமைப்புக் கணக்குக்குள் விழுந்துவிட்டால் அது அங்கேயே கிடக்கும். எந்தத் தீர்ப்பனவுக் கோப்பும் அதைத் தேடி வராது. அட்டை எண்ணின் முதல் இலக்கங்கள் வழங்கிய வங்கியைக் காட்டும். முன்பு ஆறு, இப்போது எட்டு இலக்கமாக மாறி வருகிறது. உங்கள் வங்கியின் சொந்த எண் தொடர்களை ஒரு பட்டியலாக மேசையில் வைத்திருங்கள். வலையமைப்புக் கணக்கில் நிற்கும் பழைய வரியைப் பார்த்ததும் முதலில் அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

திகதிகள்

ஒவ்வொரு வரிக்கும் மூன்று திகதி இருக்கிறது: அட்டை தேய்த்த நாள், முறைமை செயற்படுத்திய நாள், பணம் பெறுமதி பெற்ற நாள். பேரேட்டுக்கும் வங்கிக் கூற்றுக்கும் இடையே வரும் வேறுபாடுகளில் கணிசமானவை பிழையே இல்லை, திகதி வித்தியாசம்தான்.

இலங்கையில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டிய விடயம், ஏனென்றால் எங்களுக்குப் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, இருக்கிறது. 2025இல் வெசாக் போயா மே 12, திங்கட்கிழமை. அடுத்த நாள் செவ்வாயும் விடுமுறை. அதற்கு முன்னால் சனி, ஞாயிறு. ஆக, மே 9 வெள்ளி இரவு கல்முனைக் கடையொன்று மூடிய பேட்ச்சுக்கு வங்கிகளுக்கிடையில் பணம் தீர புதன் 14 ஆகிவிடும். கடை சனியும் ஞாயிறும் விற்றிருக்கும், திங்களும் விற்றிருக்கும். இடைநிலைக் கணக்கு மலைபோல் ஏறும். நாள்காட்டி தெரியாத ஒருவர் அந்த மீதியைப் பார்த்துப் பதறுவார். தெரிந்தவர் நான்கு நாள் விற்பனையைக் கூட்டிப் பார்த்து, சரி என்று அடுத்த வேலைக்குப் போவார்.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவுகளில் காத்தான்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நள்ளிரவு தாண்டியும் கடைகள் திறந்திருக்கும். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் மட்டக்களப்பு நகரக் கடைகளிலும் கூட்டம் நெரியும். நள்ளிரவுக்குப் பிறகு விற்று அதே பேட்ச்சில் மூடினால், ஒரே பேட்ச்சுக்குள் இரண்டு நாள் திகதி இருக்கும். மாத முடிவில் இது நடந்தால் வருமானம் எந்த மாதத்துக்கு என்ற கேள்வி வரும். கடைக்கு விற்ற நாள்தான் கணக்கு. வங்கியில் செயற்படுத்தும் நாளைக் கொண்டு பதிவு போட்டு, மாத முடிவில் மட்டும் அட்டுறு சீராக்கம் செய்வது நடைமுறை. எந்த முறையென்றாலும் எழுதி வைத்து, மாறாமல் பின்பற்றுங்கள்.

தினசரி இணக்கம்

இதுதான் உங்கள் உண்மையான வேலை. மற்றவை பெரும்பாலும் முறைமை தானாகச் செய்துவிடும்.

மூன்று ஆவணங்களை எடுங்கள். ஒன்று, உங்கள் சுவிட்ச்சின், அதாவது அட்டைச் செய்திகளை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பும் கணினி முறைமையின், பதிவு; மெஷின்களிலிருந்து வந்தவை அதில் இருக்கும். இரண்டு, வலையமைப்பு அனுப்பிய தீர்ப்பனவுக் கோப்பு. மூன்று, தீர்ப்பனவு வங்கிக் கூற்று. முதலாவதை இரண்டாவதோடு வரிவரியாக இணக்குங்கள். இரண்டாவதன் மொத்தத்தை மூன்றாவதோடு இணக்குங்கள். பிறகு மூன்றையும் பேரேட்டு மீதியோடு பொருத்துங்கள். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். மொத்தங்கள் சரியாக வந்துவிட்டன என்பதற்காக வரிவரி இணக்கத்தை விட்டுவிடும் பழக்கம் மிக ஆபத்தானது. 50,000 கூடுதலாக ஒரு வரியும் 50,000 குறைவாக இன்னொரு வரியும் இருந்தால் மீதி பூச்சியம் காட்டும். இரண்டு பிழை உள்ளே இருக்கும், இரண்டு பேருடைய பணம் பிழையான இடத்தில் இருக்கும்.

எதைக்கொண்டு இணக்குவது? அனுமதிக் குறி மட்டும் போதாது. அது திரும்ப வரக்கூடியது. செய்தித் தொடர் எண்ணும் ஆறு இலக்கம்தான், முடிந்ததும் மறுபடி தொடங்கும். 12 இடங்கள் கொண்ட மீட்புக் குறிப்பு எண், ஐஎஸ்ஓ 8583இல் 37ஆவது புலம், அதுதான் நம்பகமானது. அதோடு மெஷின் எண், தொகை, அட்டையின் கடைசி நான்கு இலக்கம். நான்கும் பொருந்தினால் இணக்கியதாகக் குறியுங்கள். தொகையும் திகதியும் மட்டும் பார்த்து இணக்காதீர்கள். ஒரே எரிபொருள் நிலையத்தில் ஒரே நாளில் 2,000 ரூபாய்ப் பரிமாற்றம் எத்தனையோ இருக்கும்.

இணங்காமல் மிஞ்சுபவை சில வகைக்குள் அடங்கும். சுவிட்ச்சில் இருக்கிறது, வலையமைப்புக் கோப்பில் இல்லை என்றால், பெரும்பாலும் கடைக்காரர் பேட்ச் மூடவில்லை. தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். வலையமைப்பில் இருக்கிறது, உங்களிடம் இல்லை என்றால், தாமதமாக வந்த வரியாகவோ வேறு நாளில் உங்களிடம் பதிவானதாகவோ இருக்கலாம். ஏழு நாள் பின்னோக்கித் தேடுங்கள். தொகை வேறுபட்டால் நாணயமாற்றா, ஹோட்டல் இறுதித்தொகை மாறியதா என்று பாருங்கள்.

ஆனால் நீங்கள் அதிக கவனம் கொடுக்க வேண்டியது, திரும்பப்பெறாத பரிமாற்றங்கள். வடகீழ்ப் பருவமழை காலத்தில் எங்கள் பக்கம் மின்சாரமும் இணைப்பும் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் 0200 அனுப்புகிறது. அட்டை வழங்கிய வங்கி சரி என்று சொல்லிச் சேமிப்புக் கணக்கில் 10,000 கழித்துவிடுகிறது. பதில் வரும் வழியில் இணைப்பு அறுகிறது. மெஷின் "தோல்வி" என்று சீட்டு அடிக்கிறது. வாடிக்கையாளர் கையிலிருந்த காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். மெஷின் திரும்பப்பெறும் செய்தியை, அதாவது 0400 வகைச் செய்தியை அனுப்ப வேண்டும். பல மெஷின்கள் அதை அடுத்த பரிமாற்றத்துக்கு முன்னால்தான் அனுப்பும். மெஷினை அணைத்து வைத்துவிட்டால் அது அங்கேயே காத்திருக்கும்.

பேரேட்டில் இது எப்படித் தெரியும்? அட்டை வழங்கிய வங்கியின் "வலையமைப்புக்குக் கொடுக்கவேண்டியது" கணக்கில் 10,000 செலவு மீதியாக நிற்கும். தீர்ப்பனவுக் கோப்பில் அதற்கு எதிர்வரி வராது. நாள் போகும், வாரம் போகும், அது நிற்கும். அந்தக் கணக்கில் பழைய செலவு மீதி ஒன்று கிடக்கிறது என்றால், பெரும்பாலும் அது யாரோ ஒருவருடைய காசு. வாகரையில் இருக்கும் ஓர் ஆசிரியருடைய சம்பளத்தில் ஒரு பகுதியாக இருக்கலாம். அவர் கிளைக்கு வந்து முறையிடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் கண்டுபிடித்து, சுவிட்ச் பதிவைச் சரிபார்த்து, வலையமைப்புக்குக் கொடுக்கவேண்டியது வரவு, வாடிக்கையாளர் கணக்கு செலவு என்று பதிவு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதை ஆண்டு முடிவில் "பழைய மீதி" என்று வருமானத்துக்கு மாற்றுவது களவுக்குச் சமம் என்றுதான் நான் சொல்வேன்.

ஏடிஎம்மிலும் இதே கதைதான். கணக்கு கழிந்தது, காசு வெளியே வரவில்லை. இயந்திரத்தில் காசு எண்ணும்போது மிகை வரும். அந்த மிகையைத் தனிக் கணக்கில் வைத்து, அன்றைய இயந்திரப் பதிவோடு ஒப்பிட்டு உரியவரைத் தேடுங்கள்.

ஒவ்வொரு நாளும் முடியும்போது, திறந்திருக்கும் வரிகளை வயதுப்படி பிரித்து எழுதுங்கள்: ஒரு நாள், இரண்டு முதல் ஐந்து நாள், ஆறு முதல் முப்பது நாள், அதற்கு மேல். அந்தப் பட்டியலின் மொத்தம் பேரேட்டு மீதிக்குச் சரியாக இருக்க வேண்டும். ஒரு ரூபா வித்தியாசம் இருந்தாலும் கையொப்பம் இடாதீர்கள்.

திருப்பிக் கொடுப்பதும் சார்ஜ்பேக்கும்

பேட்ச் மூடுமுன் கடைக்காரர் பரிமாற்றத்தை ரத்துச் செய்தால், 0200 வகைப் பரிமாற்றம் இல்லையென்றால், வங்கியின் பேரேட்டில் எதுவும் இல்லை. மூடிய பிறகு திருப்பிக் கொடுத்தால் அது புதிய பரிமாற்றம். முதற்பதிவுகளின் எதிர்ப்பதிவுகள் வரும். கடையிடம் எடுத்த 250 திரும்புமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஊகித்துப் பதிவு போட வேண்டாம்.

சார்ஜ்பேக் வேறு மாதிரி. அட்டைக்காரர் தன் வங்கியிடம் முறையிடுகிறார். வலையமைப்பு கடையின் வங்கியிடமிருந்து பணத்தை எடுத்துக்கொள்கிறது. பதிவு: சார்ஜ்பேக் கணக்கு வரவு, வலையமைப்பிடமிருந்து வரவேண்டியது செலவு. கடை ஆதாரம் காட்டி வென்றால் திரும்பும். தோற்றால் கடைக்குக் கொடுக்கவேண்டியது வரவு. சார்ஜ்பேக் கணக்கு செலவு.

கடைக்குக் கொடுக்க வேண்டிய மீதியே இல்லை என்றால்? அறுகம்பேயை எடுத்துக்கொள்ளுங்கள். அலைச்சறுக்குப் பருவம் ஏறக்குறைய ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரை. பருவத்தில் முற்பணம் வாங்கிய ஒரு விடுதி நவம்பரில் பூட்டிவிடும், மெஷினில் ஒரு பரிமாற்றமும் இராது. பலவகை முறைப்பாடுகளுக்கு 120 நாள் வரை கால எல்லை உண்டு. ஆகவே டிசம்பரில், ஜனவரியில் சார்ஜ்பேக் வரும். அப்போது கழிக்க எதுவும் இல்லை. கடைக்குக் கொடுக்கவேண்டிய கணக்கு வரவு மீதியாக மாறும். அதைப் பொறுப்புகளுக்குள்ளேயே எதிர்க்கணியமாக மறைக்காமல், கடையிடமிருந்து வரவேண்டிய சொத்தாக மாற்றிக் காட்டி, மீளுமா என்று மதிப்பிட்டு இழப்பு ஏற்பாடு செய்ய வேண்டும். பருவகால வணிகர்களிடம் விற்பனையில் ஒரு பகுதியைக் காப்புத்தொகையாகப் பிடித்துவைப்பது இதற்காகத்தான். அந்தத் தொகை வங்கியின் வருமானம் இல்லை. கடையின் பணம், தனிப் பொறுப்புக் கணக்கில் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு அட்டைகளுக்குக் கட்டணமும் பொதுவாகக் கூட. வலையமைப்பு டொலரில் தீர்த்தால், ரூபாவில் கடைக்கு ஒப்புக்கொண்ட தொகைக்கும் டொலர் கையில் வந்த நாளின் பெறுமதிக்கும் இடையில் வேறுபாடு வரும். அதை நாணயமாற்று வேறுபாட்டுக் கணக்குக்கு எடுங்கள். கட்டணச் செலவினத்தோடு கலக்காதீர்கள்.

தொங்கல் கணக்கும் கட்டுப்பாடுகளும்

விளங்காத ஒரு தொகை வந்தால் தொங்கல் கணக்கில் போடலாம். ஆனால் போடும்போதே விளக்கத்தில் மீட்புக் குறிப்பு எண், மெஷின் எண், எந்தக் கோப்பு, யார் பின்தொடர்கிறார், எந்த நாளுக்குள் என்று எழுதுங்கள். "கார்ட் வித்தியாசம்" என்று மட்டும் எழுதிய வரியை ஆறு மாதம் கழித்து எந்த மனிதராலும் தீர்க்க முடியாது.

கையால் போடும் பதிவை ஒருவர் தயாரிக்க வேண்டும், இன்னொருவர் அனுமதிக்க வேண்டும். முகாமையாளர் அவசரப்படுத்தினாலும், பக்கத்து மேசை அண்ணன் தன் கடவுச்சொல்லைத் தந்தாலும் இரண்டையும் நீங்களே செய்யாதீர்கள். பின்னர் கேள்வி வரும்போது உங்களைக் காப்பது அந்த இரண்டாவது பெயர்தான்.

முழு அட்டை எண்ணைப் பேரேட்டு விளக்கத்திலோ விரிதாளிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதவே கூடாது. தொடக்க இலக்கங்களும் கடைசி நான்கும் போதும். அட்டைத் தரவுப் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதிகள் இதில் கண்டிப்பானவை. பின்பக்க மூன்று இலக்கத்தை அனுமதி முடிந்த பிறகு எங்கும் சேமிக்கக் கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

வேலையில் சேர்வதற்கு முன் பழக விரும்புபவர்கள் ஒரு விரிதாளைத் திறந்து, மேலே சொன்ன கணக்குகளை நிரல்களாகப் போடுங்கள். பத்துப் பரிமாற்றம் நீங்களே உருவாக்குங்கள். அதில் ஒன்று ஒரே வங்கிப் பரிமாற்றமாக இருக்கட்டும், ஒன்று இணைப்பு அறுந்தது, ஒன்று திருப்பிக் கொடுத்தது, ஒன்று சார்ஜ்பேக், ஒன்று வெசாக்குக்கு முந்திய வெள்ளி இரவு விற்றது. மே 31 என்று வைத்துப் பரீட்சை மீதி எடுங்கள். பிறகு ஒவ்வோர் இடைநிலைக் கணக்கின் மீதிக்கும் பக்கத்தில், அந்தப் பணம் யாருடையது, எப்போது போகும் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாத மீதி இருந்தால், அந்தப் பரிமாற்றத்தின் முதற்பதிவுக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி நடந்து வாருங்கள்.